மேலே மீன் கல்லாகிறது, கீழே மாவு புளிக்கிறது: ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் போடவா, புதுசு வாங்கவா?

பண்பொழிக்காரி:
எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜ், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, வாங்கி ஒன்பது வருடம். பத்து நாளாக ஒரு கூத்து. கொல்லத்திலிருந்து வண்டியில் வரும் சாளையை வாங்கி மேலே வைத்தால் கல்லாகி விடுகிறது, கீழே வைத்த இட்லி மாவோ மறுநாள் காலையில் பொங்கி வழிந்து புளித்து நிற்கிறது. தென்காசியிலிருந்து வந்த மெக்கானிக் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கேஸ் போச்சு, 3,500 ஆகும் என்றார். புனலூரில் இருக்கும் நாத்தனார், ஓணம் ஆஃபரில் புதுசாக எடுத்துவிடு என்கிறாள். சாரல் நேரம், கரண்டும் வந்து வந்து போகிறது. என்ன செய்ய?

எஸ்வளைவு:
நாத்தனார் சொல்வதுதான் சரி. ஒன்பது வருடம் உழைத்துவிட்டது, இனிமேல் செலவு வைத்துக்கொண்டேதான் இருக்கும். இப்போது வரும் இன்வெர்ட்டர் மாடலில் கம்ப்ரஸர் ஒரேயடியாக ஓடி நிற்காமல் தேவைக்குத் தக்க மெதுவாக ஓடும், சத்தம் இல்லை, கரண்டும் குறைவு. கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி. ஸ்டெபிலைசர்கூட வேண்டாம்.

பழைய_பொட்டி:
ஒன்பது வருடத்தில் தூக்கிப் போடுவதா! என் வீட்டில் 1997இல் வாங்கிய சிங்கிள் டோர் இன்னும் ஓடுகிறது. இத்தனை வருடத்தில் மாற்றியது ஒரு தெர்மோஸ்டாட், ஒரு ரிலே, கதவு ரப்பர் இரண்டு முறை, அவ்வளவுதான். அந்தப் பத்து வருட வாரண்டிக் கதையைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் படியுங்கள் தம்பி. கம்ப்ரஸர் என்ற உருண்டைக்கு மட்டும்தான் அது. முதல் வருடம் முடிந்தால் போர்டு, சென்ஸார், கேஸ், வந்து போகிற கூலி எல்லாம் நம் தலையில்தான். என் மைத்துனர் வீட்டில் மூன்றே வருடம், சூட்டுக்கு வந்து ஒதுங்கிய பல்லி போர்டில் ஒட்டிச் செத்தது, ஃப்ரிட்ஜும் கூடவே செத்தது.

எஸ்வளைவு:
அண்ணாச்சி, 97 மாடல் என்றால் உள்ளே ஆர் 12 கேஸாகத்தான் இருக்கும். ஓசோனைத் தின்கிறது என்று அதை 2010இலேயே நாட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு பொத்தல் விழுந்தால் முடிந்தது கதை. அது குடிக்கிற கரண்டையும் கணக்குப் பாருங்கள், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால் அதில் முக்கால்வாசியை அந்தப் பொட்டியே தின்றுவிடும்.

பழைய_பொட்டி:
பின்னால் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், ஆர் 12தான். இதுவரை ஒருமுறைகூட கேஸ் போட்டதில்லை, இனிமேல் போகும்போது பார்த்துக்கொள்கிறேன். கரண்ட் கணக்கில் நீர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

கூலிங்_அண்ணாச்சி:
இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு முதுகு வலியால் விட்டவன் நான். நீங்கள் இருவரும் புதுசா பழசா என்று சண்டை போடுகிறீர்கள், அந்தத் தங்கச்சி கேட்டது கேஸ் போடலாமா என்று. தங்கச்சி, இப்போதைக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பெரும்பாலான டபுள் டோரில் கீழ்ப் பெட்டிக்கென்று தனிக் குளிர் கிடையாது. ஃப்ரீசருக்குப் பின்னால் ஒரே ஒரு காயில், அதன் குளிர்க்காற்றை ஒரு ஃபேன் வழி விட்டுக் கீழே தள்ளுகிறது. அந்தக் காயிலில் பனி படிந்துகொண்டே இருக்கும், அதை உருக்குவதற்கு ஒரு ஹீட்டர், அதற்கு ஒரு டைமர் அல்லது போர்டு, கூடவே பைமெட்டல் என்று ஒரு சின்ன வட்டச் சாமான். இவற்றில் ஒன்று மக்கர் செய்தாலும் பனி மூடி காற்றுப் பாதை அடைபட்டுவிடும். மேலே கல்லாக இருக்கும், கீழே மாவு புளிக்கும். நம் ஊர்ச் சாரலில் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே புகுவதால் பனி இன்னும் சீக்கிரம் மூடும்.

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது, சொன்னால் சங்கத்தில் அடிக்க வருவார்கள். கேஸ் போடுகிறேன் என்று ஃப்ரிட்ஜை அரை நாள் நிறுத்தி வைக்கும்போது அந்தப் பனி தானாக உருகிவிடும். மறுபடி போட்டால் கீழேயும் ஜில்லென்று இருக்கும், நீங்களும் கேஸால் சரியானது என்று நினைப்பீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பழைய கதையே திரும்பும்.

அதனால் அதை நீங்களே இலவசமாகச் செய்யுங்கள். சாமான்களைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள், கீழே பழைய துணி விரித்து வையுங்கள். மறுபடி போட்ட பிறகு கீழே நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் மறுபடி சொதப்பினால் பனியை உருக்குகிற டீஃப்ராஸ்ட் பக்கம்தான் கோளாறு. போட்ட நாளிலிருந்தே இரண்டு பெட்டியும் சுணங்கினால் கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்படலாம்.

கழுதுருட்டி:
அண்ணாச்சி சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ஃப்ரீசர் நன்றாகத்தான் இருந்தது, கீழே மட்டும் சூடு, கடைசியில் கேஸ்தான் கசிந்திருந்தது. எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறான் என்று எழுதுவது தப்பு.

கூலிங்_அண்ணாச்சி:
அதுவும் நடக்கும், நான் மறுக்கவில்லை. கேஸ் பாதி குறைந்தால் காயிலின் முதல் பகுதியில் மட்டும் பனி பிடிக்கும், ஃப்ரீசர் சமாளிக்கும், கீழே எட்டாது. டீஃப்ராஸ்ட் கோளாறில் காயில் முழுக்கப் பஞ்சு போர்த்தியதுபோல் பனி இருக்கும், சில சமயம் ஃபேன் இறக்கை அதில் உரசிக் கரகரவென்று சத்தம் வரும். உள்தட்டைக் கழற்றிப் பார்க்காமல் பின்னால் கையை மட்டும் வைத்துக் கேஸ் போச்சு என்கிறவரைத்தான் நம்ப வேண்டாம் என்கிறேன். கேஸ் போயிருந்தாலும் போன ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும், ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஓட்டையை விட்டுவிட்டு வருடா வருடம் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இன்னொன்று, உங்கள் மாடலில் ஆர் 600ஏ என்று எழுதியிருந்தால் அது ஐசோபியூட்டேன், அடுப்புக் கேஸின் பங்காளி, தீப்பிடிக்கும். உள்ளே கேஸ் மிச்சம் இருக்கும்போது சமையலறையில் வைத்து நெருப்புக் காட்டிக் குழாயைப் பற்றவைக்க விடாதீர்கள்.

பண்பொழிக்காரி:
24 மணி நேரம் எதற்கு, வெந்நீர் ஊற்றியோ கத்தியால் சுரண்டியோ சீக்கிரம் எடுக்கக் கூடாதா?

பழைய_பொட்டி:
கத்தியைத் தொடாதேம்மா! என் முதல் ஃப்ரிட்ஜைக் கொன்றதே அதுதான். ஐஸ் தட்டை ஒட்டிக்கொண்டது என்று கத்தி முனையால் நெம்பினேன், உஸ்ஸ் என்று ஒரு சத்தம், ஃப்ரீசர் தகட்டில் ஓட்டை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எஸ்வளைவு:
சரி, டெஸ்ட் செய்யட்டும். ஆனால் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை. எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்று கம்பெனிக்காரனே பெட்டியில் அச்சடித்திருக்கிறான்.

கூலிங்_அண்ணாச்சி:
அச்சடித்த எல்லைக்குள் வோல்டேஜ் நின்றால் நீர் சொல்வது சரி. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் கிளை முறிந்து நியூட்ரல் அறுந்தால், 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறும். அதைத் தாங்கும் என்று எவனும் அச்சடிக்கவில்லை. புதுசு வாங்குகிறவர்களுக்குத்தான் போர்டு இருப்பதால் பயமே. ஹை வோல்டேஜில் கட் ஆகி, கரண்ட் திரும்பினால் மூன்று நிமிடம் பொறுத்து விடுகிற ஸ்டெபிலைசர் போதும். கம்ப்ரஸர் நின்றவுடனே மறுபடி கிளப்பினால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் திணறும், சாதா கம்ப்ரஸர் அதில்தான் சுருள் கருகிப் போகும்.

எஸ்வளைவு:
புனலூரில் என் வீட்டில் நாலு வருடமாக ஸ்டெபிலைசர் இல்லை, ஒன்றும் ஆகவில்லை.

பழைய_பொட்டி:
ஹெல்மெட் இல்லாமல் போகிறவனும் அதைத்தான் சொல்வான்.

பண்பொழிக்காரி:
அண்ணாச்சி, சொன்னபடி செய்தேன். அன்றைக்கு இரண்டு தோர்த்து நனைகிற அளவுக்குத் தண்ணீர் வந்தது. போட்ட பிறகு ஆறு நாள் மாவு அப்படியே இருந்தது, ஏழாம் நாள் மறுபடி பொங்கிவிட்டது. அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உள்தட்டைக் கழற்றுங்கள் என்றேன். கொஞ்சம் முறைத்தார், கழற்றினார், நீங்கள் சொன்ன அதே பஞ்சு. மீட்டர் வைத்துப் பார்த்ததில் பைமெட்டல் போயிருந்தது. சாமானும் கூலியும் சேர்த்து 850 வாங்கினார். தண்ணீர் இறங்குகிற ஓட்டையில் கறிவேப்பிலைக் காம்பு அடைத்திருந்தது, அதையும் எடுத்துவிட்டார். ஸ்டெபிலைசருக்குச் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை, அவள் புனலூரில் மாடலே பார்த்து வைத்துவிட்டாளாம்.