ஹெச்ஏபிராக்சிலேர்ந்து என்வாய்க்கு மாறணும், கேம் சர்வர் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட்ல வீட்டுலேர்ந்து வேலை பாக்குறேன், ஒரு பெரிய ஆன்லைன் கேமோட நெட்வொர்க் டீம். இப்ப யூடிபி தவிர மத்த டிராஃபிக் எல்லாம் ஹெச்ஏபிராக்சி (ப்ளேயருக்கும் கேம் சர்வருக்கும் நடுவுல நின்னு டிராஃபிக்க பிரிச்சு அனுப்புற சாஃப்ட்வேர்) வழியா போகுது, மேட்ச் நடக்கும்போது வேகமா டேட்டா அனுப்புற யூடிபி டிராஃபிக்கையும் ஒரே இடத்துக்கு கொண்டு வரணும், எங்ககிட்ட இருக்குற ஃப்ரீ வெர்ஷன் அதை பாக்காது, அதான் என்வாய்ங்கிற இன்னொரு பிராக்சிக்கு மாறணும்.

வெப்சைட்டா இருந்தா இவ்ளோ கவலப்பட மாட்டேன், ரிக்வெஸ்ட் வந்துச்சு போச்சு முடிஞ்சிருச்சு. இங்க ஒரு ஆளு லாகின் பண்ணா மணிக்கணக்கா அதே வெப்சாக்கெட்ல (திறந்தே இருக்குற கனெக்ஷன்) இருப்பான், பழைய பிராக்சிய டக்குனு நிறுத்துனா அத்தனை பேரும் ஒரே நேரத்துல திரும்ப வருவாங்க, லாகின் சர்வர் படுத்துரும். டிஎன்எஸ்ல (சர்வர் பேர ஐபியா மாத்திக் குடுக்குறது) வெயிட் போட்டு புதுசா வர்றவங்கள கொஞ்சம் கொஞ்சமா என்வாய்க்கு தள்ளலாம்னு இருக்கேன், பழைய கனெக்ஷன் தானா முடியிற வரைக்கும் நீங்க எவ்ளோ நேரம் விட்டு வைப்பீங்க?

இன்னொன்னு, என்வாய்ல ஸ்ட்ரீம் ஐடில் டைம்அவுட் (எதுவும் போய் வராம இருந்தா கட் பண்ற நேரம்) மாத்தாம விட்டா 5 நிமிஷம், லாபில சும்மா நிக்கிறவன் கட் ஆயிருவான். அதை 0 ஆக்கி அணைச்சிரலாமா, இல்ல கேம்லேர்ந்து அப்பப்ப சின்னதா பிங் அனுப்பணுமா? எனக்கு பிங்தான் சரின்னு படுது, செத்துப்போன கனெக்ஷனும் அதுல தெரிஞ்சிரும்.

அப்புறம் பிராக்சி புரோட்டோகால் ஹெட்டர், அதாவது ப்ளேயரோட உண்மையான ஐபிய கேம் சர்வருக்கு சொல்ற தகவல். அது போகலன்னா எல்லா ப்ளேயரும் பிராக்சியோட ஐபிலதான் தெரிவாங்க, ஐபி வச்சு பேன் பண்ற சிஸ்டம் ஒருத்தனுக்காக எல்லாரையும் வெளிய தள்ளிரும். இத லைவ் போறதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்றீங்க?

எங்க தாமான் பசங்க மில் ஷிப்ட் முடிஞ்சு ராத்திரிதான் விளையாடுவாங்க, அவங்க மேட்ச் பாதில அறுந்துடக் கூடாது. செஞ்ச அனுபவம் இருக்குறவங்க கான்ஃபிக் காட்டுனா கூட போதும், பிஎம் பண்ணுங்க.