செரோக்கி பர்ப்பிள் தக்காளி பழுத்துவிட்டதை எப்படி அறிவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இவ்வாண்டு முதன்முறையாகச் செரோக்கி பர்ப்பிள் என்னும் பாரம்பரியத் தக்காளியை வளர்க்கிறேன். காய்களின் அடிப்பகுதி ஊதா கலந்த சிவப்பாக மாறிவிட்டபோதும், காம்பைச் சுற்றிய பகுதி பச்சையாகவே இருக்கிறது. பறிக்கலாமா, காத்திருக்க வேண்டுமா?

பதில் 1: அந்தப் பச்சை மறையட்டும் என்று காத்திருக்காதீர்கள், இவ்வகையில் பழம் முற்றிலும் கனிந்த பின்னும் அது ஓரளவு தங்கிவிடும். சாதாரணத் தக்காளி பழுக்கும்போது சிதைந்துவிடும் பச்சையம் இதன் சதையில் எஞ்சி, லைக்கோபீன் என்னும் நிறமியின் சிவப்போடு கலப்பதால்தான் அந்தக் கருஞ்சிவப்பு நிறமே உண்டாகிறது. ஆகவே கண்ணைவிட விரலை நம்புவதே மேல்: அடிப்பகுதியை மெல்ல அழுத்தும்போது சற்றே நெகிழ்ந்து கொடுத்தால் பறித்துவிடலாம்.

பதில் 2: மழை வரும் அறிகுறி இருந்தால் நான் அதற்கும் முன்பே பறித்துவிடுவேன், ஏனெனில் வேர் திடீரென நீரை இழுக்கும்போது இதன் மெல்லிய தோல் வெடித்துவிடும். பாதி நிறம் மாறிய காய் வீட்டுக்குள்ளேயே நன்றாகக் கனியும்; வெயில் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணம் குன்றிவிடும்.

கேட்டவர்: மிக்க நன்றி. விதைக்கும் இப்படியே பறிக்கலாமா?

பதில் 1: விதைக்கென ஒன்றிரண்டு பழங்களைச் செடியிலேயே நன்கு கனியவிடுங்கள். 1990இல் டென்னசி மாநிலத்திலிருந்து கிரெய்க் லெஹூலியர் என்னும் தக்காளி ஆர்வலருக்கு அஞ்சலில் வந்த விதைகள்வழியே பரவிய வகை இது.