மாமியாரின் மறதி: நாத்தனார்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வெண்நொச்சி:
கணவர் வீட்டார் மெக்சிகோ வழியினர். டெக்சாஸில் சான் அன்டோனியோவில் இருக்கிறோம். மாமியாருக்கு 72 வயது, நெடுநாள் சர்க்கரை நோயாளி. போன மாதம் திருப்பலி முடிந்து நடந்து வரும்போது, பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றிருக்கிறார். இன்சுலின் போட்டுக்கொண்டதை மறந்து மறுபடியும் ஊசியை எடுக்கிறார். நாத்தனார்களோ "வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள். மருத்துவரிடம் பத்து வயதுப் பேத்திதான் மொழிபெயர்த்தாள். "பாட்டி நன்றாக இருக்கிறார்" என்று முடித்துவிட்டாள். குழந்தை வேறென்ன சொல்லும்? மருமகள் நான் பேசினால் பழி என் தலையில்தான் விழும்.

இரவுப்பணி (செவிலியர்):
முதலில் இன்சுலின். இருமுறை போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். குழப்பத்துக்கு அதுவேகூடக் காரணமாகலாம். இன்றிலிருந்து யாராவது உடனிருந்து போடட்டும்.

மெடிகேரில் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) ஆண்டுதோறும் வரும் நலப் பரிசோதனையில் நினைவாற்றலைப் பார்ப்பதும் அடக்கம். அதற்கென்று அழைத்துப் போங்கள், யாருக்கும் உறுத்தாது. முன்பதிவின்போதே ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனை அதை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். மாமியார் எத்தனை வகுப்பு படித்தார் என்பதையும் சொல்லுங்கள். பள்ளிக்கு அதிகம் போகாதவர் இச்சோதனைகளில் குறைந்த மதிப்பெண் எடுப்பது வழக்கம், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. தைராய்டு, வைட்டமின் பி12, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்கு மருந்தோ வழியோ உண்டு.

கரிசல்:
லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழியினர்) குடும்பங்களில் மறதி நோய் பரம்பரையாக வரும் என்று படித்தேனே?

இரவுப்பணி:
நீங்கள் படித்தது கொலம்பியாவின் ஆன்டியோகியா பகுதிக் குடும்பங்களைப் பற்றியதாக இருக்கும். பிரெசெனிலின் 1 மரபணுவின் அரிய பிறழ்வு அது. நாற்பதுகளிலேயே மறதி தொடங்கிவிடும். 72 வயதில் தொடங்குவது வேறு கதை. அமெரிக்காவில் லத்தீனோ முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதற்கு மரபணுவை மட்டும் சாட்ட முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கிடைக்காத கல்வி, எட்டாத மருத்துவம் என்று பலவும் சேர்கின்றன. பலருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வெண்நொச்சி:
நலப் பரிசோதனை என்றால் மூத்த நாத்தனார் ஒப்புக்கொள்வார். ஆனால் மாமியார் இன்னும் கார் ஓட்டுகிறார். சாவியைக் கேட்கும் துணிவு எனக்கில்லை.

இரவுப்பணி:
நீங்கள் கேட்கவே வேண்டாம். மருத்துவர் வாயால் வரட்டும். சந்திப்புக்கு முன்பே அவருக்கு எழுதிவிடுங்கள். மறதி நோய்க்கான அமைப்பான அல்சைமர்ஸ் அசோசியேஷனின் 24 மணி நேர உதவித் தொலைபேசியில் ஸ்பானிய மொழியிலும் பேசலாம். மூத்த நாத்தனாரையே அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சண்டை, அவர்கள் சொன்னால் தகவல்.