பொலிவு வரிசையில் மூன்றாம் இடம்: ஆல்ஃபா சென்டாரியா, சுவாதியா?

வினா:
வணக்கம். பொலிவான விண்மீன்களின் பட்டியல்களில் சிரியஸ் முதலிடத்திலும், அகத்தியர் விண்மீன் எனப்படும் கனோபஸ் இரண்டாமிடத்திலும் இருக்கின்றன. குழப்பம் மூன்றாமிடத்தில்தான். சில பட்டியல்கள் அங்கே ஆல்ஃபா சென்டாரியை வைக்கின்றன. வேறு சில சுவாதியை வைத்து, ஆல்ஃபா சென்டாரியை நான்காமிடத்துக்குத் தள்ளுகின்றன. மே மாத இறுதியில் இரவு பத்து மணியளவில் மதுரையிலிருந்து பார்க்கையில் இவ்விரண்டும் ஒருசேரத் தெரிகின்றன. என் கண்ணுக்குச் சுவாதியே பொலிவாகப் படுகிறது. எந்தப் பட்டியல் சரி?

மறுமொழி 1:
இரண்டுமே சரிதான், எதை ஒரு விண்மீன் என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆல்ஃபா சென்டாரி என்று நாம் காணும் ஒளிப்புள்ளி, ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இரு விண்மீன்களின் கூட்டொளியாகும். அவற்றுள் பெரியதன் பொலிவெண் −0.01, சிறியதன் பொலிவெண் 1.33, இரண்டின் ஒளியையும் சேர்த்தால் −0.27. இவ்வளவையில் எண் குறையக் குறையப் பொலிவு கூடும். ஐந்து எண் வேறுபாடு நூறு மடங்கு ஒளிக்குச் சமம். (1856இல் இவ்வரையறையை முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தில்தான் பணியாற்றினார்.)

சுவாதியின் பொலிவெண் −0.05. ஆகவே கூட்டொளியைக் கொண்டால் ஆல்ஃபா சென்டாரி முந்துகிறது. பிரித்து எண்ணினால் சுவாதி நூலிழையில் முந்துகிறது. அந்த நூலிழை ஏறக்குறைய 4 விழுக்காட்டு ஒளிதான். அதை எந்தக் கண்ணும் உணராது. ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்பதைக் கண்டறிந்தவர் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் நோக்கிக்கொண்டிருந்தபோது அவர் அதைக் கண்டார்.

மறுமொழி 2:
தாங்கள் கண்டதற்குப் பட்டியல் காரணமன்று, காற்றே காரணம். மதுரையிலிருந்து சுவாதி ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, 80 பாகை உயரத்தில் கடக்கிறது. அதே வேளையில் ஆல்ஃபா சென்டாரி தென் வானில் 19 பாகைக்கு மேல் எழுவதில்லை. அவ்வளவு தாழ்வில் அதன் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப்போல மூன்று மடங்கு காற்றைக் கடந்தே நம்மை வந்தடைகிறது. தூசும் ஈரமும் நிறைந்த கோடை இரவில் இதனால் அரைப் பொலிவெண் இழப்பு நேர்வது இயல்பு. கூட்டொளிக்கு இருந்த 0.22 முன்னிலை அதில் கரைந்துவிடும். சிட்னியில் இருப்பவருக்கு நிலைமை தலைகீழ்: அங்கே ஆல்ஃபா சென்டாரி 63 பாகை உயரத்திலும் சுவாதி 37 பாகையிலும் கடக்கின்றன.

வினவியவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மற்ற இரட்டை விண்மீன்களையும் பட்டியல்கள் பிரித்து எண்ணுகின்றனவா?

மறுமொழி 3:
இல்லை, எனக்கு உறுத்துவதும் அதுதான். 0.08 பொலிவெண் கொண்ட கபெல்லா, ஏறக்குறைய சம ஒளியுடைய இரு மஞ்சள் பெருமீன்களால் ஆனது. அவை மிக நெருங்கியிருப்பதால் சாதாரணத் தொலைநோக்கியில் பிரிந்து தெரிவதில்லை. 1899இல் நிறமாலையைக் கொண்டுதான் இரட்டை என்று அறிந்தனர். அதே விதியால் அதையும் பிரித்தால் இரண்டில் எதுவும் முதல் பத்தில் வராது. ஆயினும் கபெல்லாவை ஒன்றென்றே எண்ணிவிட்டு, தொலைநோக்கியில் எளிதில் பிரிகிறது என்பதற்காக ஆல்ஃபா சென்டாரியை மட்டும் கீழிறக்குகிறார்கள். (சிரியஸின் துணைமீனின் பொலிவெண் 8.4 மட்டுமே, அதைச் சேர்த்தாலும் விட்டாலும் வரிசை மாறாது.) வெறுங்கண்ணால் பார்ப்போருக்கான பட்டியலில் கூட்டொளியைக் கொள்வதே முறை என்பது என் கருத்து.

முதல் மூன்று இடங்களுக்குக் கீழே வரிசையை மிகவும் நம்பிவிடவும் வேண்டாம். வழக்கமாகப் பத்தாமிடத்தை ஒட்டி நிற்கும் திருவாதிரை, தானே உமிழ்ந்த தூசு மறைத்ததால் 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியது. அம்மாதத்தில் பட்டியல் போட்டிருந்தால் அது முதல் இருபதில்கூட இடம்பெற்றிருக்காது.