பதினாறு வயதுப் பெண்ணை மனநலப் பிரிவில் சேர்க்கலாமா?

பொன்னி:
என் அக்காள் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள்; "வாழப் பிடிக்கவில்லை" என்று தோழிக்கும் எழுதியிருக்கிறாள். மனநல மருத்துவர் பத்து நாள் உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறார். வீட்டில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

வயல்வெளி:
சேர்க்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே மிரண்டு கிடக்கும் பிள்ளை, 'என்னைத் தள்ளிவிட்டார்கள்' என்றுதான் நினைக்கும். ஏர்வாடியை அதற்குள் மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த இடத்தில் 28 பேர் தீயில் கருகினார்கள்.

மதுரைச் செவிலி:
ஏர்வாடியில் எரிந்தது கொட்டகை, மருத்துவமனை அன்று. இன்று சங்கிலியால் கட்டுவதே சட்டவிரோதம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 87ஆம் பிரிவைப் படியுங்கள். மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்பினால்தான் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரைச் சேர்க்க முடியும். சேர்த்த நாள் முதல் வீட்டுக்கு அனுப்பும் வரை பெற்றோரோ அவர்கள் அமர்த்தியவரோ உடன் தங்கியே ஆக வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். இதில் தள்ளிவிடுவது எங்கே வந்தது?

வயல்வெளி:
அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறதே! வெளியிலிருந்தபடி பெறும் சிகிச்சை பலனளிக்கவில்லை, அல்லது பொருந்தாது என்று தெரிந்த பிறகே சேர்க்கலாம். இந்தப் பெண்ணுக்கு ஒரு முறையாவது ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்களா? சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. என் உறவினர் மகனை ஒரு தனியார் மருத்துவமனையில் குடிநோயாளிகளோடு ஒரே அறையில் படுக்கவைத்தார்கள். அந்தப் பையன் இன்றுவரை எந்த மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை.

மதுரைச் செவிலி:
அது அநியாயம்; வாரியத்திடம் புகார் செய்ய வேண்டிய குற்றம். அதற்காக இவளை ஏன் ஆபத்தில் விட வேண்டும்? வாரம் ஒரு முறை ஆலோசனை என்பது அடுத்த வாரம் வரை உயிரோடு இருப்பவருக்கு. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. பத்து நாளில் யாரும் பிள்ளையின் குணத்தை மாற்றப்போவதில்லை. தூக்கம் திரும்ப வேண்டும், இரவு பகலாகக் கண்காணிக்க ஆள் வேண்டும், எது அவளை இங்கே தள்ளியது என்று தாய் தகப்பனையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் பல பத்தாண்டுகளாகக் குடும்பத்தையும் உடன் தங்க வைத்துத்தான் சிகிச்சை தருகிறார்கள். வீட்டில் நடுநிசி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்கள்?

வகுப்பாசிரியர்:
உள்ளே போவதைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி) அவள் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். இன்னொன்று: 'பிள்ளையைத் திருத்தித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் முகாம்களின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள்.

வயல்வெளி:
கடைசி வரிக்கு முழு மனதோடு உடன்படுகிறேன். பொன்னி அம்மா, தாயை உடன் தங்க விடவில்லை என்றாலோ, பெரியவர்களோடு படுக்கவைத்தாலோ அந்த நிமிடமே வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை என் எதிர்ப்பை நான் விடப்போவதில்லை.

மதுரைச் செவிலி:
அந்த இரண்டையும் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம். கேட்பது உங்கள் உரிமை. பொன்னி, முடிவு நாளைக்கு என்றால் இன்றிரவு அக்காள் அவள் அறையிலேயே படுக்கட்டும்.