மருத்துவச் சான்று கொடுத்த பிறகும் நோயின் பெயரைக் கேட்கலாமா?

கிடங்குத் தொழிலாளி, சாட்ஸ்வொர்த்:

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ஒரு கிடங்கில் 11 ஆண்டுகளாகச் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறேன். சென்ற மாதம் உடல்நலமின்றி ஒன்பது நாள் விடுப்பில் இருந்துவிட்டு, அந்த நாட்களில் வேலை செய்ய இயலாதவனாக இருந்தேன் என்று மருத்துவர் எழுதிய சான்றுடன் திரும்பினேன். மனிதவளப் பிரிவினர் அது போதாதென்று ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் வந்த நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அதில் எழுத வேண்டுமாம், எச்.ஐ.வி. உட்பட இரத்தப் பரிசோதனைக்கும் ஒப்புதல் தர வேண்டுமாம். நிறுவனம் கேட்கும்போதெல்லாம் பரிசோதனைக்கு உடன்படுவேன் என்று சேர்ந்த நாளில் நான் போட்ட கையெழுத்தையும் காட்டுகிறார்கள். என் நோயை உறவினரிடமே சொல்லவில்லை. மறுத்தால் வேலை போய்விடுமா?

முன்னாள் சங்கப் பிரதிநிதி, ஃபீனிக்ஸ்:

தம்பி, முதலில் எதிலும் கையெழுத்திட வேண்டாம். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராதவரிடமோ, எட்டு வாரங்களுக்குள் இரண்டு முறைக்கு மேல் விடுப்பு எடுத்தவரிடமோ முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம். நோயால் அல்லது காயத்தால் அந்நாட்களில் வேலை செய்ய இயலவில்லை என்று சான்று சொன்னால் போதும்; நோயின் பெயரை அந்தப் பிரிவு கேட்கவில்லை. நோயாளி சம்மதிக்காவிட்டால் நோயை விவரிக்காமல், வேலைக்குத் தகுதியற்றவர் என்று மட்டுமே எழுத வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதியும் ஆகும். உங்கள் மருத்துவர் செய்தது சரியே.

எச்.ஐ.வி. பற்றி ஐயமே இல்லை. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தொழிலாளர் நீதிமன்றம் அனுமதித்தாலன்றி அப்பரிசோதனையைத் தடை செய்கிறது. எச்.ஐ.வி. இருந்த ஒரே காரணத்துக்காக ஹாஃப்மன் என்பவருக்கு விமானப் பணியாளர் வேலையை மறுத்த தென்னாப்பிரிக்க விமான நிறுவனம், அவரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கட்டத்தைப் படிவத்தில் அச்சிடுகிறார்கள் என்றால், பழைய தாளை யாரும் படித்துப் பார்க்காமலே நகலெடுத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

பழைய கையெழுத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். இருமுனை மனநோய் இருந்த ஒரு பெண் ஊழியர், இதே போன்ற ஒப்பந்த வாசகத்தின் பேரில் பரிசோதனைக்கு உத்தரவிடப்பட்டு, மறுத்ததால் நீக்கப்பட்டார். அந்த நீக்கம் பாகுபாடு என்றே நீதிமன்றம் கண்டது.

மனிதவளத் துறையில் இருப்பவள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அண்ணன் சொன்னவற்றில் பிழையில்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 7ஆம் பிரிவு, வேலையின் உள்ளார்ந்த தேவை கருதி நியாயப்படுத்தக்கூடிய பிற பரிசோதனைகளை அனுமதிக்கிறது. ஆட்கள் நடமாடும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரின் பார்வையையும், திடீரென மயக்கம் வருமா என்பதையும் அறிந்துகொள்வது முதலாளியின் பொறுப்பு. உதாரணத்துக்கு, இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல. ஆகவே, ஓட்டுவதற்குத் தகுதியானவரா, கட்டுப்பாடு ஏதும் தேவையா என்ற கேள்விக்குத் தொழில்சார் மருத்துவர் பதிலளிக்கலாம்; அந்தப் பதில் மட்டுமே எங்கள் மேசைக்கு வர வேண்டும். ஐந்து ஆண்டு நோய்ப் பட்டியல் அதற்குத் தேவையே இல்லை. 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய சிறப்புத் தகவலாகவே வைத்திருக்கிறது. சான்றின் மீது ஐயம் வந்தால், அதைக் கொடுத்தது அதில் கையெழுத்திட்ட மருத்துவர்தானா என்று மருத்துவமனையைக் கேட்போம். என்ன நோய் என்று கேட்பதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: முற்றிலும் வாய் திறக்காமல் இருந்தால், கையில் இருக்கும் தகவலை வைத்தே முதலாளி முடிவெடுப்பார்.

கிடங்குத் தொழிலாளி, சாட்ஸ்வொர்த்:

இருவருக்கும் நன்றி. ஓட்டும் தகுதிக்கான பரிசோதனைக்கு வருகிறேன், மற்றவற்றை எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள் என்று கடிதம் கொடுத்துவிட்டேன். அவர்கள் விடாப்பிடியாக நின்றால்?

முன்னாள் சங்கப் பிரதிநிதி, ஃபீனிக்ஸ்:

கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். வேலையிலிருந்து நீக்கினால் 30 நாட்களுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச, நடுவர் ஆணையமான சி.சி.எம்.ஏ.விடம் முறையிட வேண்டும். பாகுபாடு பற்றிய முறையீட்டுக்கு ஆறு மாதம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு காலம் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.