ஐந்து நாள் பயிற்சிக்கு ஒரே வாய்ப்பு: கோஹாவா, நூலக மேலாண்மையா?

கேள்வி – சுவடிக்கூடம்

நூலகத் துறை நண்பர்களுக்கு வணக்கம். அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறேன். முனைவர் பட்டமோ ஆய்வியல் நிறைஞர் பட்டமோ பெறாததால், ஆறு ஆண்டுப் பணிக்குப் பிறகே 10ஆம் ஊதிய நிலையிலிருந்து 11ஆம் நிலைக்குப் பதவி உயர்வு பெற விண்ணப்பிக்கும் தகுதி எனக்கு வந்திருக்கிறது. 21 நாள் அறிமுகப் பயிற்சியை முடித்துவிட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கும் ஐந்து நாள் பயிலரங்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இக்கல்வியாண்டில் ஒரு பயிற்சிக்கு மட்டுமே பணி அனுமதி தர இயலும் என்று முதல்வர் கூறிவிட்டார்.

நூலகப் பணிகளைக் கணினிவழிச் செய்ய உதவும் கோஹா என்னும் இலவச மென்பொருள் குறித்த நேரடிப் பயிற்சி ஒன்றும், தலைமைப் பண்பும் நூலக மேலாண்மையும் என்னும் தலைப்பில் இணையவழிப் பயிற்சி ஒன்றும் ஒரே மாதத்தில் வருகின்றன. எங்கள் நூலகத்தில் ஏறத்தாழ 28,000 நூல்கள் உள்ளன. வாங்கிய நூல்களை எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேடு எக்செல் கோப்பாக இருக்கிறது; அதில் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் நூல்கள். எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

மறுமொழி – அடுக்குப்பலகை

முதலில் விதிமுறையைப் பாருங்கள். அந்த ஐந்து நாள் பயிற்சி நூலகத் தானியக்கம் (கணினிமயமாக்கல்), மின்னுருவாக்கம், அவற்றின் பராமரிப்பு ஆகியவற்றையும் அவற்றோடு தொடர்புடைய பணிகளையும் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை. தலைமைப் பண்புப் பயிற்சியின் சான்றிதழைத் தேர்வுக் குழு ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். பதவி உயர்வுக் கோப்பை அப்படிப்பட்ட ஐயத்தில் விட வேண்டாம் என்பதால் கோஹாவையே தேர்ந்தெடுங்கள்.

ஆனால் எல்லாக் கோஹா பயிற்சிகளும் ஒன்றல்ல. உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை நிறுவிக் காட்டுவதற்கே இரண்டு நாள்களைச் செலவிட்டு, மூன்றாம் நாள் குழுப்படம் எடுத்துக்கொள்ளும் பயிலரங்கங்களை இத்துறையினர் அனைவரும் அறிவோம். நிறுவுதலை ஒரு முற்பகலில் கற்றுக்கொள்ளலாம். பழைய தரவைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் உண்மையான வேலை. எக்செல் கோப்பை மார்க்எடிட் என்னும் மென்பொருள் வழியாக, நூற்பட்டியல் பதிவுகளுக்கான மார்க் 21 என்னும் பொது வடிவத்துக்கு மாற்றுவது, கோப்பின் ஒவ்வொரு பத்தியையும் (நெடுவரிசையையும்) அவ்வடிவத்தில் உரிய புலத்தோடு பொருத்துவது, சேர்க்கை எண்களில் இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் கோப்பிலிருந்தே சில நூறு பதிவுகளைக் கொண்டுவந்து பழகலாமா என்றும் கேளுங்கள். அதற்கு மறுப்பவர்கள் நடத்தும் பயிற்சியால் பெரும் பயன் இராது.

தமிழ் நூல்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினியில் தட்டச்சு செய்த தலைப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் கோஹாவில் ஏற்றினால் வாசகர் தேடும்போது ஒரு நூலும் அகப்படாது. ஆசிரியர் பெயரிலும் கவனம் தேவை: ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் முன்னெழுத்து முதலிலும், வேறோரிடத்தில் முன்னெழுத்து இறுதியிலும், மற்றோரிடத்தில் அது இல்லாமலும் பதிவாகியிருந்தால், கணினி அவரை மூன்று பேராகவே கொள்ளும். எந்த வடிவத்தைப் பின்பற்றுவது என்பதை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மறுமொழி – பொருநைக்கரை

பதவி உயர்வைப் பொறுத்தவரை மேலே கூறியது சரி. ஆயினும் மேலாண்மையை அப்படி ஒதுக்கிவிட இயலாது. சான்றிதழோடு திரும்பும் நூலகர், வழங்கிக் கணினிக்கும் (சர்வர்) ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் கேட்டு நிருவாகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதத் தெரியாமல் நின்றுவிடுகிறார். கோஹா இலவசம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நிருவாகம் ஒரு பழைய மேசைக் கணினியை ஒதுக்கித் தருகிறது. நாள்தோறும் எடுக்கப்படும் காப்புப்பிரதி அதே கணினியின் வட்டிலேயே கிடந்தால், வட்டு பழுதாகும் நாளில் பட்டியலும் காப்பும் சேர்ந்தே போய்விடும். இதை நிதிக்குழுவுக்கு விளக்கி ஒப்புதல் பெறுவதும் மேலாண்மைதான். தலைமைப் பண்பு வகுப்புகளில் பெரும்பாலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

நூல்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் இருப்புச் சரிபார்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மைய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும், 20,000 முதல் 50,000 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதிரி முறையில் மூன்று ஆண்டு இடைவெளிக்குள் என்று வகுத்திருக்கிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு ஐந்து வரை தொலைவது, கவனக்குறைவோ நேர்மைக்கேடோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாக ஏற்கப்படுகிறது. ஆனால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இவ்விதி உங்கள் கல்லூரியை நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். இருப்பினும் தணிக்கையின்போது எடுத்துக்காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் கண்டதில்லை. தொலைந்த நூல்களுக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் கட்டிய நூலகர்களை நான் அறிவேன்.

மறுமொழி – காந்தள்

கோஹாதான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்களா? காந்திநகரிலுள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவின் மையமான இன்ஃப்ளிப்நெட் உருவாக்கிய சோல் என்னும் நூலக மென்பொருளும் ஒருங்குறியையும் மார்க் 21 வடிவத்தையும் ஏற்கிறது. அதற்கும் அந்நிறுவனம் பயிற்சி நடத்துகிறது. லினக்ஸ் அறிந்தவர் ஒருவரும் கல்லூரியில் இல்லையென்றால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர் – சுவடிக்கூடம்

அனைவருக்கும் நன்றி. கணினி அறிவியல் துறையில் லினக்ஸ் தெரிந்த உதவியாளர் ஒருவர் இருப்பதால் கோஹாவுக்கே விண்ணப்பிக்கிறேன். பாடத்திட்டம் கேட்டு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: எங்கள் கோப்பில் ஒரே பத்தியில் தமிழ்த் தலைப்புகளும் ஆங்கிலத் தலைப்புகளும் கலந்திருக்கின்றன. அப்படியே எழுத்துரு மாற்றியில் கொடுக்கலாமா?

மறுமொழி – அடுக்குப்பலகை

கூடாது. மாற்றி எல்லாவற்றையும் பாமினி என்றே கருதும் என்பதால், ஆங்கிலத் தலைப்புகள் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். முதலில் மொழிக்கெனத் தனிப் பத்தி ஒன்றைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்தி, தமிழ் வரிகளை மட்டும் சேர்க்கை எண்ணோடு வேறு கோப்பில் எடுத்து மாற்றுங்கள். தமிழ்த் தலைப்புக்குள்ளேயே ஆங்கிலச் சொல் வரும் நூல்கள் சில இருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும். மூலக் கோப்பை மட்டும் தொடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.